கம்பளிக்குள் வைத்த ஐஸ்

போன வாரம் உழவர் சந்தையில் மலைப்பூண்டு வாங்கிவந்து முறத்தில் கொட்டினேன். சமையலறை முழுக்க ஒரு வாசனை எழுந்தது. பூண்டு வாசனைதான், ஆனால் அதற்குள்ளே விறகுப் புகையும் சேர்ந்திருந்தது. கொடைக்கானலுக்கும் மேலே இருக்கிற ஊர்களில் பூண்டைப் பிடுங்கிக் கட்டுக்கட்டாகக் கட்டி, அடுப்புக்கு நேர் மேலே உத்திரத்தில் தொங்கவிடுவார்கள். புகையில் கிடந்தே அது பதமாகும். அந்த வீட்டில் தூங்கி எழுந்து பள்ளிக்கூடம் வருகிற பிள்ளைகளும் அதே புகையில் பதமாகித்தான் வருவார்கள். நான் முறத்தின் முன்னால் குனிந்து நின்றபடியே இருந்ததைப் பார்த்துவிட்டு மருமகள், “என்னங்கத்தே, பூண்டை மோந்து பாத்துக்கிட்டே நிக்கிறீங்க?” என்றாள். என்னுடைய ஆறாம் வகுப்பை மோந்து பார்க்கிறேன் என்று உண்மையைச் சொன்னால் சாயங்காலமே டாக்டரிடம் கூட்டிப்போய்விடுவாள். “சொத்தை இருக்கான்னு பாத்தேன்” என்று சொல்லிவைத்தேன்.

ஐம்பதுகளின் கடைசி. ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு எனக்கு வேலை உத்தரவு வந்தது. கொடைக்கானலைத் தாண்டி, காய்கறி லாரி மட்டும் போகிற ஒரு மலைக்கிராமத்துப் போர்டு பள்ளிக்கூடம். அப்பாவுக்குப் பழனி அடிவாரத்தில் கடை. காவடிக்கு வேண்டிய சாமான், விபூதி, சின்னச் சின்ன வேல், எல்லாம் விற்பார். உத்தரவைக் கேட்டதும், “ஏன்டி, இங்க இருக்குற மலை பத்தாதா? முருகனே இதோட போதும்னு நின்னுட்டாரு, நீ அதுக்கும் மேல போகணுமா?” என்றார். முருகனுக்குச் சம்பளம் யாரும் தருவதில்லை, எனக்குத் தருகிறார்கள் என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அந்த வயதில் நான் விழுங்கிய பேச்சுகளை எல்லாம் சேர்த்தால் ஒரு கல்யாணத்துக்குச் சமைக்கலாம்.

அந்தக் காலத்து பஸ்ஸுக்கு ஜன்னல் கண்ணாடி கிடையாது. சுருட்டி வைத்த படுதாதான். வத்தலக்குண்டில் ஏறியதும் படுதாவைச் சுருட்டச் சொல்லிச் சண்டை நடக்கும், காற்றில்லாமல் வேகிறது என்று. மலையேறி, பண்ணைக்காட்டுக்குப் பிரிகிற இடத்தில் வாழைத்தாரும் மிளகு மூட்டையும் ஏறும். அதைத் தாண்டி இரண்டு வளைவு போனால் அதே ஆட்கள் அதே படுதாவை இறக்கச் சொல்லிச் சண்டை போடுவார்கள். கண்டக்டர் இரண்டு சண்டைக்கும் ஒரே முகத்தை வைத்துக்கொண்டிருப்பார். அரைநாள் பயணத்தில் கோடையிலிருந்து மார்கழிக்கு வந்து இறங்குவேன். அது ஏன் அப்படி என்று எனக்கு அப்போது ஒரு நாள்கூடத் தோன்றியதில்லை. மலை என்றால் குளிரும், அவ்வளவுதான். நெருப்பு ஏன் சுடுகிறது என்று யாராவது கேட்பார்களா?

முதல் மாதம் நான் குளிரில் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு சேலைக்கு மேல் இன்னொரு சேலை, அதற்குள்ளே அப்பாவின் முழுக்கைச் சட்டை, காலில் அண்ணனின் கால்பந்து சாக்ஸ். பிள்ளைகள் முதல் நாள் என்னைப் பார்த்துவிட்டு, டீச்சரம்மா நல்ல பருமன் என்று வீட்டில் போய்ச் சொன்னார்களாம். விரல் மரத்துப்போய் சாக்பீஸ் பிடிக்க வராது. அதனால் காலை வகுப்பு எதுவும் கட்டடத்துக்குள் நடக்காது. வெயில் எங்கே விழுகிறதோ அங்கேதான் வகுப்பு. முதல் பாடம் கிழக்குச் சுவரோரம், அடுத்தது பேரி மரத்துக்கு முன்னால், அதற்கடுத்தது வாசல் படியில். வெயில் நகர நகர, பிள்ளைகள் பலகையையும் பையையும் தூக்கிக்கொண்டு நகர்வார்கள். அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மணியடிக்கவும் தேவையில்லை, நிழல் முதுகில் ஏறியதும் அவர்களே எழுந்துவிடுவார்கள். கூட்டல் கணக்குக்கு நடுவில் மொத்த வகுப்பும் எழுந்து நடப்பதைப் பார்த்து ஆரம்பத்தில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு நானும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகப் பழகிவிட்டேன்.

தலைமை ஆசிரியர் ஆரோக்கியசாமி சார். கொடைக்கானல் நாயுடுபுரத்துக்காரர். பேச்சில் பாதி இங்கிலீஷ். திங்கட்கிழமை லாரியில் ஏறி வந்தால் சனிக்கிழமைதான் வீட்டுக்குப் போவார். அந்தப் பள்ளிக்கூடம் அதுவரை ஐந்தாம் வகுப்போடு முடிந்துகொண்டிருந்தது. அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் கொடைக்கானலில் தங்க வேண்டும். பையன்கள் சிலர் போனார்கள். பெண்பிள்ளைகளை யாரும் அனுப்பவில்லை. சார் தன் பொறுப்பில் ஆறாம் வகுப்பு ஒன்றைத் தொடங்கி, அனுமதிக்கு எழுதிப் போட்டிருந்தார். ஜனவரியில் டெபுடி இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். சரி என்று அவர் எழுதினால் வருஷத்துக்கு ஒரு வகுப்பாக எட்டு வரைக்கும் போகலாம். இல்லையென்றால் ஆறாம் வகுப்பு அன்றைக்கே கலைந்துவிடும். “டீச்சர், அவர் சயின்ஸ் பாடம்தான் கேப்பாராம். சயின்ஸ் உங்க டிபார்ட்மென்ட்” என்று சார் மிகச் சுலபமாகச் சொல்லிவிட்டார்.

அந்த வகுப்பில் வேலம்மா என்று ஒரு பெண். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய ஒற்றைச் சடை, எப்போதும் ஒரு புருவம் மட்டும் மேலே தூக்கியிருக்கும். அவள் அப்பா குழந்தைவேல் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிறவர். தோளில் ஒரு கறுப்புக் கம்பளி இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. ஊரில் எல்லாரும் அவரிடம், “புள்ளையை எப்பப்பா நிப்பாட்டப் போற? தோட்டத்துல சோலி கெடக்கு” என்று கேட்பார்கள். அவரும் வேலம்மா பக்கத்தில் நிற்கும்போதே, “இன்ஸ்பெட்டரு வந்துட்டுப் போகட்டும். ஆறாப்பு இல்லேன்னு ஆயிட்டா அன்னிக்கே நிப்பாட்டிர வேண்டியதுதான்” என்பார். கெட்ட மனுஷன் இல்லை. மழை வந்தால் விதைக்கிறேன் என்பதுபோல, அனுமதி வந்தால் படிக்கவைக்கிறேன் என்றார். வேலம்மாவுக்கு அது தெரியும். எனக்கும் தெரியும். அது தெரிந்த பிறகு எனக்கு இராத்தூக்கம் சரியாக இல்லை.

சூரியனும் தட்பவெப்பமும் என்ற பாடத்தை எடுத்தேன். பேரி மரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். சூரியன்தான் பூமிக்குச் சூடு தருகிறது, காற்றும் மழையும் அதனால்தான் என்று புத்தகத்தில் இருந்ததைச் சொல்லி முடித்தேன். வேலம்மா எழுந்தாள்.

“டீச்சரம்மா, மலை மேல நாமதானே சூரியனுக்குக் கிட்டக்க இருக்கோம்?”

“ஆமா.”

“அப்ப நமக்குத்தானே ரொம்பச் சுடணும்? பழனிக்குத்தானே குளிரணும்?”

என் தலைக்குள் படுதாச் சண்டைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் கேட்டன. இத்தனை தடவை ஏறி இறங்கியவள் நான், இந்தப் பிள்ளை பழனியைக் கண்ணால் பார்த்தது ஒரே ஒரு தைப்பூசத்துக்கு. “தெரியலை கண்ணு, கேட்டுச் சொல்றேன்” என்றேன். பிள்ளைகள் முகத்தில் ஒரு சந்தோஷம் பார்க்க வேண்டுமே! டீச்சருக்குத் தெரியாதது ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே சொல்லிவிட்டார்கள்.

கொடைக்கானலில் சூரியனைப் படம் பிடித்து ஆராய்கிற கூடம் ஒன்று உண்டல்லவா, அங்கே வேலை பார்த்த ஒரு விஞ்ஞானி சாருக்கு மாதா கோயிலில் பழக்கம். சனிக்கிழமை இறங்கிப் போன சார், திங்கட்கிழமை லாரியிலிருந்து குதிக்கும்போதே கத்தினார். “டீச்சர், ஆன்ஸர் கெடச்சிருச்சு! சூரியன் இருக்கிற தூரத்துக்கு நம்ம மலை ஒரு மேட்டரே இல்லையாம்.” வெயில் காற்றை நேராகச் சூடாக்குவதில்லை. தரையைச் சூடாக்குகிறது, தரை காற்றைச் சூடாக்குகிறது. அந்தச் சூடு வானத்துக்குத் திரும்பி ஓடிவிடாமல் காற்று பிடித்துவைக்கிறது. கீழே காற்று அடர்த்தி, மேலே மெல்லிசு. அதனால் மேலே சூடு தங்குவதில்லை. சார் ஒப்பிப்பதுபோல் சொல்லிவிட்டு, மறக்கும் முன் என்னிடம் சேர்த்துவிட்ட நிம்மதியில் காபி குடிக்கப் போனார்.

இதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு வகுப்பைப் பார்த்தேன். எல்லாத் தோளிலும் கம்பளி. விடிந்தது எனக்கு. “காத்துங்கிறது பூமிக்குப் போத்தின கம்பளி. பழனிக்கு நல்ல தடிக் கம்பளி. நமக்கு ஓட்டைக் கம்பளி. அதான் குளிருது” என்றேன். அடடா, என்ன ஒரு வரவேற்பு! கைதட்டாத குறை. மேகம் மூடியிருந்தால் இன்னொரு கம்பளி போர்த்தின மாதிரி என்றும் சேர்த்துவிட்டேன். ஒரு வாரத்துக்கு அந்த ஊரில் கம்பளியைத் தவிர வேறு பேச்சில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்த சார், “எக்ஸலென்ட் டீச்சர்” என்று தலையாட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்த நாள் நல்ல உறைபனி. புல் முழுக்க உப்புக் கொட்டின மாதிரி வெள்ளை. மதுரைக்காரர் அவர். காதைச் சுற்றி மஃப்ளர், கையில் காபி டம்ளர், குடிப்பதற்கு இல்லை, பிடித்துக்கொள்வதற்கு. மத்தியான லாரியில் அவர் திரும்பியாக வேண்டும். ஊரிலிருந்து பத்துப் பேர் வேலியோரம் வந்து நின்றார்கள். குழந்தைவேலும் நின்றார்.

“பழனியில ஏன் சூடு, இங்க ஏன் குளிர்?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

“அங்க தடிக் கம்பளி, இங்க ஓட்டைக் கம்பளி சார்!” வகுப்பே கத்தியது. கம்பளி என்றால் காற்று என்று வேலம்மா எழுந்து விளக்கமும் சொன்னாள். இன்ஸ்பெக்டர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. சார் என்னைப் பார்த்தார். முடிந்தது, அனுமதி வந்துவிட்டது என்றே நினைத்துவிட்டேன்.

“நல்லது. அப்ப அந்தச் சூடு எங்கேருந்து வருது?”

“கம்பளியில இருந்து சார்!”

இன்ஸ்பெக்டர் டம்ளரைக் கீழே வைத்தார். “கம்பளியில இருந்தா? சூரியன்?”

“பகலுக்கு வெயிலு, ராவுக்குக் கம்பளி சார்” என்றாள் வேலம்மா, இது கூடவா தெரியாது என்கிற குரலில். “கம்பளி சூடு குடுக்கும்ல.”

வேலியோரம் நின்றவர்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். குழந்தைவேல் தன் கம்பளியைத் தடவிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் பழனிக்காரி. எங்கள் வீட்டில் கம்பளியே கிடையாது. அவர்களுக்கோ பிறந்ததிலிருந்து அது அடுப்பு மாதிரி. தொட்டால் சூடு, போர்த்தினால் சூடு. கம்பளி சூட்டைப் பிடித்துவைக்கிறது என்று நான் சொன்னது, கம்பளி சூட்டை உண்டாக்குகிறது என்று அவர்களிடம் போய்ச் சேர்ந்திருந்தது. நான் கொடுத்த உதாரணத்தை அவர்கள் வீட்டு அர்த்தத்தோடு எடுத்துக்கொண்டார்கள். யாரைக் கோபித்துக்கொள்வது?

“நீங்க நடத்துனது இதுதானாம்மா?” என்றார் இன்ஸ்பெக்டர். கடுமையாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. வேலம்மாவின் புருவம் கீழே இறங்கிவிட்டது. ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் திரும்பி வேலியோரம் நின்ற அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறந்ததே இல்லை.

ஆபத்தில் நல்ல புத்தி வரும் ஆள் இல்லை நான். ஆனால் அன்றைக்கு வந்தது. பழனி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சர்பத் கடை. சித்திரை வெயிலில் தார் உருகும், ஆனால் அந்தக் கடைக்காரர் ஐஸ் பாளத்தைச் சாக்கில் சுற்றி, மேலே உமியைக் கொட்டி வைத்திருப்பார். சாயங்காலம் வரை நிற்கும். சாக்கைப் பிரித்து ஆணியால் கொத்தும்போது தெறிக்கிற துண்டுக்காக நானும் அண்ணனும் காத்துக்கிடந்திருக்கிறோம். பழனி வெயிலில் வளர்ந்ததற்கு எனக்குக் கிடைத்த சொத்து அதுதான்.

“சார், எனக்குக் கொஞ்ச நேரம் குடுங்க” என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற கல்தொட்டி நிழலில் இருந்தது. மேலே தண்ணீர் கண்ணாடிபோல் உறைந்திருந்தது. பிள்ளைகள் அதை உடைத்துத் தின்பது வழக்கம். “ஓடிப் போயி ஒரே மாதிரி ரெண்டு துண்டு எடுத்துட்டு வாங்க” என்றேன். ஒரு துண்டை வெயில் விழுந்த பெஞ்சில் தட்டில் வைத்தேன். இன்னொன்றைக் கம்பளியில் சுற்றி அதன் பக்கத்திலேயே, அதே வெயிலில் வைக்க வேண்டும். கம்பளி கேட்டேன். குழந்தைவேல் வேலியைத் தாண்டி வந்து தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார்.

“எது முன்னாடி உருகும்?”

“கம்பளிக்குள்ள இருக்கிறது!”

“வெரசா உருகிரும் டீச்சரம்மா” என்றார் குழந்தைவேல். “எங்கப்பன் போத்துன கம்பளி. ஐஸ் என்ன, கல்லே கரையும்.” இன்ஸ்பெக்டர் நாற்காலியைப் பெஞ்சுப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

காத்திருந்தோம். தட்டில் இருந்தது முதலில் ஓரம் மினுங்கியது, பிறகு மெலிந்தது, பிறகு நகர ஆரம்பித்தது. கம்பளியைத் தொடாதே தொடாதே என்று பிள்ளைகளைத் தடுப்பதே எனக்கு வேலையாக இருந்தது. சாலையில் லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. சார் என்னைப் பார்த்தார், இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், வாயைத் திறக்கவில்லை. அதற்காகவே அவருக்கு நான் ஆயுளுக்கும் கடன்பட்டவள். லாரி மறுபடி அடித்தது. இன்ஸ்பெக்டர் தலையைத் திருப்பாமல், “நிக்கச் சொல்லுங்க” என்றார்.

தட்டில் வெறும் தண்ணீர். குழந்தைவேல்தான் கம்பளியைப் பிரித்தார். ஐஸ் அப்படியே இருந்தது. கொஞ்சம் ஈரம், அவ்வளவுதான்.

குழந்தைவேல் கம்பளியை உதறினார், புரட்டிப் பார்த்தார், முகத்தில் வைத்துப் பார்த்தார். “ஏன், என் கம்பளிக்கு என்ன கேடு?” என்றார், உண்மையான வருத்தத்தோடு. எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. அதற்குள் வேலம்மா எழுந்து பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள்.

“கம்பளிக்கு ஒண்ணும் இல்லைப்பா. அது சூடு குடுக்காது. வெளிய இருக்கிற வெயிலை உள்ள விடல, அதான் ஐஸ் உருகல.” நின்றாள். யோசிப்பது முகத்தில் தெரிந்தது. “நாம போத்துனா நம்ம சூட்டை வெளிய விடாது. அப்ப… காத்துக் கம்பளியும் சூடு குடுக்காது. சூடு சூரியனோடதுதான். காத்து அதைப் போக விடாம வச்சுக்கிடுது.” பிறகு என்னைப் பார்த்தாள். “டீச்சரம்மா, நேத்து பொழுது சாயறப்ப வானத்துல ஒரு மேகம் இல்ல. அதான் இன்னிக்கு இப்படிப் பனியா? பகல்ல வாங்குன சூடெல்லாம் ராவோட போயிருச்சா?”

அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. மேகம் ஒரு கம்பளி என்று சொன்னது நான். உறைபனியை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது அவள். “அப்ப இத்தனை வருசமா என் சூட்டையேதான் நான் போத்திக்கிட்டுக் கெடந்தேனா?” என்று குழந்தைவேல் கேட்டதற்கு ஊரே சிரித்தது. அவரும் சிரித்தார்.

இன்ஸ்பெக்டர் லாரியில் ஏறும்போது, “நானும் கம்பளிக்குள்ளதான் முன்னாடி உருகும்னு நெனச்சேம்மா” என்றார். அதை அவர் சொல்லாமலே போயிருக்கலாம், ஆனாலும் சொன்னார். கோடை விடுமுறைக்கு முன் அனுமதி வந்தது. ஆரோக்கியசாமி சார் மொத்தப் பள்ளிக்கூடத்துக்கும் கொடைக்கானல் பேக்கரியிலிருந்து வர்க்கி பிஸ்கட் வாங்கித் தந்தார். அந்த மூன்று மனிதரையும் நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகும். ஒருவர் பேசாமல் இருந்தார், ஒருவர் லாரியை நிறுத்தினார், ஒருவர் தோளில் கிடந்ததைக் கழற்றித் தந்தார். அந்தக் குளிரில் அது சின்னக் காரியம் இல்லை.

வேலம்மா எட்டாம் வகுப்பு முடித்தாள், அந்த ஊரில் அவ்வளவு படித்த முதல் பெண். அதற்கு மேல் எங்களால் முடியவில்லை. பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணமாகி நான் பழனிக்கே வந்துவிட்ட பிறகும், தைப்பூசத்துக்கு மலை இறங்கும்போதெல்லாம் வீட்டுக்கு வருவாள். ஒரு வருஷம் வாசலில் நுழையும்போதே, “டீச்சரம்மா, வானம் போர்வை இல்லாம கெடந்துச்சு. இருட்டுறதுக்கு முன்னயே வைக்கோலைப் போட்டு நாத்தை மூடிட்டேன். ஊர்ல பாதிப் பேருக்குப் பனியில கருகிப்போச்சு, எனக்கு ஒண்ணும் ஆகல” என்றாள். புருவம் மேலேதான் இருந்தது. அவள் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஜனவரியில், மகன் என்னைக் காரில் அங்கே கூட்டிப்போனான். லாரி போன பாதை தார் ரோடாகி, வழியெல்லாம் தங்கும் விடுதிகள். நாங்கள் உறைபனி பார்த்த புல்மேடு முழுக்க வாட்டில் என்கிற வெளிநாட்டு மரம் அடைத்துக்கிடக்கிறது. கல்தொட்டி இருந்த இடத்தில் குழாய். பேரி மரம் இல்லை. பனி முன்ன மாதிரி விழுவதில்லை, விழுந்தாலும் பள்ளத்தில் எங்கேயாவது ஓரிரு நாள் என்றார் டீக்கடைக்காரர். எனக்கு மனசு கனத்தது. வெயிலோடு நகர்ந்த வகுப்பு இனி யாருக்கும் கிடையாது. பள்ளிக்கூடம் மட்டும் மாடி வைத்துப் பெரிதாகியிருந்தது. இப்போது அது மேல்நிலைப் பள்ளி.

மணியடித்தது. யூனிபார்ம் போட்ட பிள்ளைகள் வெளியே வந்தார்கள், பாதிக்கு மேல் பெண்கள். ஆறாவது படிக்கிற வயதில் ஒருத்தி என் பக்கத்தில் நின்று சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தாள். பழக்கதோஷம், வாய் சும்மா இருக்கவில்லை.

“ஏம்மா கண்ணு, உன்னை எத்தனாவதோட நிப்பாட்டுவாங்க?”

அந்த ஊரில் ஒரு காலத்தில் எந்தப் பெண்பிள்ளையைக் கேட்டாலும் யோசிக்காமல் பதில் சொல்லியிருக்கும். இவள் சைக்கிளைப் பிடித்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஒன்றும் விளங்காத முகம்.

“எதைப் பாட்டி நிப்பாட்டுவாங்க?” என்றாள்.

எப்படி விளக்குவது என்று யோசித்தேன். பிறகு, அவளுக்கு அது விளங்கவே வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.